லயத்திலிருந்து பல்கலைக்கழகம்: ஊரடங்குக் காலத்தில் மலையக மாணவர் தம் நாளைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் கொரோனா தொற்றால் 2021 ஆகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு செப்டம்பரிலும் நீடித்தபோது இதை எழுதினேன். 2020 மார்ச்சில் ஒரேயொரு பையோடு விடுதியை விட்டு வந்தவர்கள் பலர், அதன்பின் வளாகத்தைப் பார்த்ததே கொஞ்சக் காலம்தான். புதிதாகச் சேர்ந்தவர்களில் விரிவுரை மண்டபத்தின் வாசலைக்கூடக் காணாதவர்கள் இருந்தார்கள். ஆனால் படிப்பு நிற்கவில்லை. சூமில் விரிவுரை, இணையத்தில் ஒப்படை, பின்னர் பரீட்சையும் அப்படியே.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தம்பி தங்கைகளுக்கு வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதினேன்.

பல்கலைக்கழகம் அனுப்பும் நேரசூசி, தனியறையும் மேசையும் அறுந்துபோகாத இணையமும் உள்ள ஒருவரை மனதில் வைத்துப் போடப்பட்டது. லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) ஆறேழு பேரோடு இருப்பவர் அதை அப்படியே பின்பற்றப் பார்த்தால் இரண்டாம் வாரமே தடுமாறிவிடுவார். தடுமாறியதும் "எனக்குப் படிப்பு வராது" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு செமஸ்டரையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் அறிவுக் குறை இருக்கவில்லை. நேரசூசியைத் தோட்டத்து நேரத்துக்கு ஏற்ப நாமே திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட முடியாததைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில், உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு வேலைகளுக்கானவைதான்.

முதற்படி: வீட்டின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

திட்டம் போடுவதற்கு முன், ஒரு கொப்பித்தாளில் உங்கள் வீடு ஒரு நாளில் எப்படி நடக்கிறது என்று மணிவாரியாக எழுதுங்கள். அம்மா எத்தனை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறார், எப்போது பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறார், மதியம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறாரா, மாலைக் கொழுந்து போட்டுவிட்டு எப்போது திரும்புகிறார், பீலியில் (லயத்துப் பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் எப்போது நன்றாக விழுகிறது, பக்கத்துக் காம்பராவில் எப்போது ரேடியோ போடுகிறார்கள், அப்பா எப்போது செய்தி பார்க்கிறார். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு இடைவெளிகள் தெரியும். ஒன்று, பெரட்டுக்குப் போனவர்கள் மதியம் திரும்பும் வரையான காலை நேரம். மற்றொன்று விடியற்காலை. மாலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை படிக்கத் திட்டம் போடாதீர்கள். அந்த நேரத்தில் சமையல், குளியல், அண்டை வீட்டார் பேச்சு, தொலைக்காட்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். ஊரெல்லாம் போனைத் தூக்குவதால் சிக்னலும் அப்போதுதான் மிக மந்தமாக இருக்கும். மாலையை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுப்பதால்தான் காலையை உரிமையோடு கேட்க முடிகிறது.

தம்பி தங்கைகளின் போன் நேரத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களின் போராட்டத்தால் 2021 ஜூலையிலிருந்து பாடசாலை இணைய வகுப்புகள் நின்றிருந்தன. ஆனால் உயர்தரத்துக்குத் தனியார் வகுப்பில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதே போன் அவருக்கும் வேண்டும். பாடசாலை வகுப்புகள் திரும்பத் தொடங்கும் நாளில் சண்டை வராமலிருக்க இப்போதே நேரம் பிரித்துவையுங்கள்.

இரண்டாம்படி: சிக்னலுக்கு ஒரு வரைபடம்

இதைத்தான் ஆட்கள் அரைகுறையாகச் செய்கிறார்கள். "மலை உச்சிக்குப் போனால் கிடைக்கும்" என்று தெரிந்தால் போதாது. எந்த இடத்தில், எந்த நிறுவனத்தின் சிம்மில், எந்த நேரத்தில், எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். லயத்தின் இரண்டு தொங்கல்கள் (ஓரங்கள்), இஸ்தோப்பு (முன் திண்ணை), கோயில் முன்றல், கொழுந்து மடுவம் (கொழுந்தை எடைபோடும் கொட்டகை), பிரதான வீதித் திருப்பம், டவுன் தெரியும் மேட்டு மலை ஆகிய இடங்களில் விடியற்காலை, முற்பகல், மாலை என மூன்று வேளையும் சோதியுங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். வட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். எத்தனை நொடியில் போகிறது என்று குறியுங்கள். விரிவுரை கேட்க, இணையத்திலிருந்து போனுக்கு வரும் வேகம் போதும். ஆனால் பரீட்சைத் தாளை ஏற்ற வேண்டிய நாளில் போனிலிருந்து போகும் வேகம்தான் உங்களைக் காப்பாற்றும். அயலில் வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரிடம் ஐந்து நிமிடம் போனைக் கேட்டு அதையும் சோதியுங்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் ஒரு நிறுவனமும் மறுபக்கத்தில் வேறொன்றும் பிடிப்பது மலையகத்தில் சாதாரணம்.

தகரக் கூரையின் கீழ் சிக்னல் மங்கும். அதற்கு எங்கள் லயத்தில் நடக்கும் ஒரு வழியைச் சொல்கிறேன். சிம் உள்ள போனில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, அதைத் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கீழ்ப்பக்கமாக மடித்து, இஸ்தோப்புக் கூரையின் விளிம்புக்கு வெளியே உள்ள கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். தங்கை உள்ளே வேறொரு பழைய போனில் அந்த வைஃபையைப் பிடித்து வகுப்புக் கேட்பாள். பழைய போனுக்குச் சிம் தேவையில்லை; திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை. வெயில் நேரடியாகப் படும் பக்கத்தில் கட்டாதீர்கள். பைக்குள் சூடு ஏறிப் போன் தானாக நின்றுவிடும்.

மலையேறித்தான் ஆக வேண்டும் என்றால் சில விதிகள். தனியாகப் போக வேண்டாம். பெண்பிள்ளைகள் போகும்போது எந்த மலைக்கு, எத்தனை மணிவரை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பாறை இடுக்கிலும் மரத்திலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று அந்த மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். மருந்து அடித்த மலைக்கு அன்று போகாதீர்கள். பொழுது சாய்ந்தபின் சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் எந்த ஒப்படைக்காகவும் வெளியே நிற்க வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி மின்னல் அதிகம். முதல் இடி கேட்டதும் வகுப்பை விட்டு இறங்குங்கள்.

பருவத்தையும் வரைபடத்தில் சேருங்கள். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. மரம் விழுந்து மின்சாரம் போவதும் மண் சரிவதும் அந்தந்த மாதங்களில்தான். பெரிய ஒப்படைகளை உங்கள் பக்கத்து மழைக்கு முன்னால் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

மூன்றாம்படி: டேட்டாவைக் கணக்கோடு செலவழியுங்கள்

சூமில் குரல் மட்டும் என்றால் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் ஆகும். மணிக்கணக்கில் பார்த்தால் 36 மெகாபைட்டைத் தாண்டாது. குழு வகுப்பில் காணொளி ஓடினால் நொடிக்கு 600 கிலோபிட்டிலிருந்து தொடங்குகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 270 மெகாபைட். ஒரே விரிவுரைக்கு ஏழு எட்டு மடங்கு வித்தியாசம். உங்கள் கமராவை மூடுவதோடு நிற்காமல், மற்றவர்களின் முகம் வருவதையும் சூம் அமைப்பில் நிறுத்திவிடுங்கள். விரிவுரையாளர் பகிரும் பக்கங்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

2020இல் தொற்று தொடங்கியபோது பல்கலைக்கழக இணையத்தளங்களையும், லேர்ன் எனப்படும் கல்வி வலையமைப்பின் வழியாக நடக்கும் சூம் வகுப்புகளையும் இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் சிம்மில் இன்று அது எப்படி நடக்கிறது என்பதை நீங்களே சோதியுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் மீதியைப் பார்த்து எழுதுங்கள். குறைந்திருந்தால் உங்கள் நிறுவனத்திடம் மாணவர் பொதி இருக்கிறதா என்று கேளுங்கள். யூடியூப், கூகுள் டிரைவ் இணைப்புகளைத் திறந்தால் உங்கள் காசுதான் போகும். அவற்றைத் திறப்பதற்கு முன் அதே ஆவணத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற முடியுமா என்று விரிவுரையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

பல டேட்டா பொதிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை தனி டேட்டா தருகிறார்கள். அம்மா எழும்பும் நேரத்தில் நீங்களும் எழும்பி, பதிவு செய்த விரிவுரைகள், குறிப்புகள், வாசிக்க வேண்டிய கட்டுரைகள் எல்லாவற்றையும் அப்போது இறக்கிவைத்துவிடுங்கள். சிக்னலும் அந்நேரம்தான் நன்றாக இருக்கும். உங்கள் பல்கலைக்கழகம் மூடில் எனப்படும் பாடத்தளச் செயலியைப் பயன்படுத்த விட்டிருந்தால், பாடத்தை முழுதாகப் போனுக்குள் இறக்கி இணையமில்லாமல் வாசிக்கலாம். பகலில் இணையம் இல்லாத நேரத்திலும் கையில் வேலை இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ரீலோட் காசைத் தோட்டத்துச் சம்பளத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். பத்தாந்திகதியை ஒட்டிச் சம்பளம் வரும்போது மாதப் பொதியைப் போட்டுவிடுவது, நாளுக்கு நாள் சில்லறைப் பொதி போடுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. மகாபொல, பேசரி ஆகிய மாணவர் உதவித்தொகைகள் எப்போது வரும் என்று நிச்சயமில்லாத காலம் அது. அந்தக் காசை நம்பி மாதத்துக்குத் திட்டம் போடாதீர்கள். வந்தால் அதிலிருந்து முதலில் ஒரு பவர் பேங்க் வாங்குங்கள்.

நான்காம்படி: வாரத் திட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து வாரத்தைப் போடுங்கள். நேரலையாகக் கேட்டே ஆக வேண்டிய வகுப்புகள் எவை, பதிவு பார்த்தால் போதுமானவை எவை என்று இரண்டாகப் பிரியுங்கள். கேள்வி கேட்கும் வகுப்பு, வரவுக்குப் புள்ளி உள்ள வகுப்பு, செய்முறை விளக்கம் ஆகியவை முதல் வகை. ஒருவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போகும் விரிவுரையை விடியற்காலையில் இறக்கிக் கேட்டால் போதும். அதற்காக மழையில் மலையேற வேண்டாம். இப்படிப் பிரித்துவிட்டால் மலையேற வேண்டிய நாட்கள் பாதியாகக் குறையும்.

ஒரு நாளுக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகலை வெறுமையாக விட்டுவையுங்கள். மின்சாரம் போன நாள், அம்மாவுக்கு உடம்பு முடியாமற்போன நாள், போன் விழுந்து உடைந்த நாள் எல்லாவற்றின் பாக்கியும் அங்கேதான் தீரும்.

ஐந்தாம்படி: வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்

பிள்ளை விடுதியில் இருந்தபோது படிக்கிறது என்று வீட்டார் நம்பினார்கள். ஊரடங்கில் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருப்பதைப் பார்க்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வந்தாலும், சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) என்ற நெருக்கடியில் அம்மாமார் நின்றார்கள். அப்போது சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசை. இந்த நிலையில் "சும்மாதானே இருக்கிறாய், கைக்காசுக்கு வா" என்று (கிலோக் கணக்கில் காசுக்குக் கொழுந்தெடுக்க) கூப்பிட்டால் அது கொடுமையால் வந்த பேச்சில்லை. அதற்குக் கோபப்படாதீர்கள். ஒளிந்துகொள்ளவும் வேண்டாம்.

வாரத் திட்டத்தை எழுதியதும் அதை அம்மா அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். "அம்மா, செவ்வாயும் வியாழனும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்குப் பாடம். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். பீலித் தண்ணீரும் ராத்திரிச் சமையலும் என் பொறுப்பு" என்று கேட்பதையும் கொடுப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் இது விளங்கும்; பேர் (நாள்வரவு) போடும் கணக்கையே மனதில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஞாயிறு கைக்காசுக்குப் போக விருப்பமிருந்தால் அதைத் திட்டத்திலேயே எழுதிவிட்டுப் போங்கள். அந்தக் காசில் ஒரு பங்கு ரீலோட்டுக்கு என்றும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அக்காமார், தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் மகளின் மேல் வேலை தானாக வந்து விழும். அதே வயதுத் தம்பி திண்ணையில் இருப்பான். அவனுக்கும் திட்டத்தில் இடம் கொடுங்கள். தண்ணீர் தூக்குவதற்கும் விறகு பிளப்பதற்கும் அவன் பெயரை எழுதி, அப்பாவின் வாயால் சொல்லவையுங்கள்.

இடப் பிரச்சினைக்குத் தோட்டத்துக்குள்ளேயே வழி தேடலாம். பூட்டிக் கிடக்கும் வாசிகசாலை, கோயில் மண்டபம், தோட்டப் பாடசாலையின் ஒரு வகுப்பறை ஆகியவற்றைக் காலை வேளையில் இடைவெளி விட்டு இருந்து படிக்கத் தருவார்களா என்று தலைவர்மாரிடமோ அதிபரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் மறுப்பது கடினம்.

ஆறாம்படி: பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்

நம் பிள்ளைகளின் பெரிய நட்டம் இங்கேதான். வகுப்புக்கு வர முடியவில்லை, ஒப்படை பிந்திவிட்டது. வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். விரிவுரையாளருக்கு அது அக்கறையின்மையாகத் தெரிகிறது. சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் தந்திருப்பார்கள்.

செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே, ஒன்றும் தவறாத நிலையில், பாட விரிவுரையாளருக்கும் மாணவர் ஆலோசகருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுதாபம் தேடும் மொழி வேண்டாம். நிலைமையைச் சொல்லி, வேண்டியதைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் இரண்டாம் வருட மாணவி. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் குடியிருப்பொன்றில் வசிக்கிறேன். வீட்டில் இணைய இணைப்பு நிலையாக இல்லை; காலை ஒன்பதுக்குப் பின் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. நேரலை வகுப்புகளுக்கு இயன்றவரை வருவேன். தாங்கள் விரிவுரைப் பதிவையும் குறிப்புகளையும் பாடத் தளத்தில் ஏற்றினால் பேருதவியாக இருக்கும். இணைப்பு அறுந்தால் அன்றே தங்களுக்கு அறிவிப்பேன்."

அந்த விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழைக்குப் பயந்து அனுப்பாமல் இருக்க வேண்டாம்.

பின்னர் இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் திரையைப் படமெடுத்து, திகதியோடு ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். மின்வெட்டு என்றால் அதையும் எழுதுங்கள். வரவு குறைந்து பரீட்சைக்கு இருக்க முடியாது என்ற பேச்சு வரும் நாளில் அந்தக் கோப்பே உங்கள் சாட்சி. வட்ஸ்அப் குழுவில் "எனக்கும் வரவில்லை" என்று போடுவது சாட்சி ஆகாது.

ஏழாம்படி: இணையப் பரீட்சை

பரீட்சைக்கு முந்திய வாரத்தில், பரீட்சை நடக்கும் அதே மணிக்கு, அதே இடத்தில் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். தாளில் விடை எழுதி, போனில் ஸ்கேன் செய்து, எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். நிறத்தில் எடுத்தால் கோப்பு பெரிதாகும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிறிதாகிவிடும், எழுத்தும் தெளிவாக இருக்கும். காம்பராவுக்குள் வெளிச்சம் போதாது. ஜன்னலோரம் தாளை வைத்து, உங்கள் நிழல் விழாமல் எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சுட்டெண்ணையும் பக்க எண்ணையும் எழுதிவிட்டு விடை தொடங்குங்கள்.

பரீட்சையன்று தளம் ஏற்க மறுத்தால், நேரம் முடிவதற்கு முன்னரே அதே பிடிஎஃப்பை விரிவுரையாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிவாகும். இரண்டாவது சிம்முக்கு அன்று மட்டும் ஒரு நாள் பொதி போட்டு வையுங்கள். எழுதிய தாள்களைப் பெறுபேறு வரும்வரை எறிய வேண்டாம்.

எட்டாம்படி: லயத்துக்குள் தொற்று வந்தால்

ஒரே பீலி, பொதுக் கழிப்பறை, ஒட்டிய சுவர்கள். வீட்டிலேயே தனிமைப்படுத்தல் என்பது நகரத்து வீட்டில் நடப்பதுபோல இங்கே நடக்காது. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காம்பராவில் எத்தனை பேர், தனியறை உண்டா, கழிப்பறை பொதுவா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 2021இல் அதைக் கேட்டுத்தான் இடைநிலைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்தார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இருபதுகளில் உள்ளவர்களுக்கும் 2021 செப்டம்பரில் தடுப்பூசி தொடங்கியது. தோட்டத்துக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து, அம்மா அப்பாவின் அட்டைகளோடு உங்கள் அட்டையையும் படமெடுத்துப் போனில் வையுங்கள்.

தனிமைப்படுத்தப்பட்ட அன்றே மாணவர் ஆலோசகருக்கு அறிவியுங்கள். பரிசோதகர் தரும் கடிதத்தின் படத்தை இணையுங்கள்.

மனம் சோர்ந்து, நாட்கணக்கில் தூக்கமில்லாமல், எதையும் தொட விருப்பமில்லாமல் இருந்தால் அதையும் நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். உங்கள் பேட்ச்சில் சத்தமில்லாமல் போன மலையகத் தோழர் ஒருவர் இருந்தால், இன்றைக்கே ஓர் அழைப்பு எடுங்கள். குறுஞ்செய்தி போதாது.

ஒன்பதாம்படி: திரும்ப அழைக்கும் நாளுக்கு ஒரு பை

வளாகம் எப்போது திறந்தாலும் அழைப்புக்கும் பயணத்துக்கும் இடையில் சில நாட்கள்தான் இருக்கும். தேசிய அடையாள அட்டை, மாணவர் அட்டை, தடுப்பூசி அட்டை, விடுதிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இப்போதே ஒரே உறையில் போட்டுவையுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் பேசரிக்குத் தேவைப்படும் என்றால் அலுவலகம் திறக்கும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். அடையாள அட்டை தொலைந்தவர்கள், பெயரில் எழுத்துப் பிழை உள்ளவர்கள் இன்னும் முந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது தோட்டங்களில் நிறைய நடக்கும் விடயம். திருத்தி எடுக்க மாதக்கணக்கு ஆகும்.

பஸ் செலவையும் முதல் வாரச் சாப்பாட்டுச் செலவையும் சம்பள நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதே உறையில் வையுங்கள். அறிவித்தல் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, விடுதி எந்த வருடத்தாருக்குத் திறக்கிறது என்று பீடத்துக்கு அழைத்துக் கேட்பது. உங்கள் வருடம் அதில் இருக்கிறது என்று உறுதியானபின் பஸ் ஏறுங்கள்.